வேலைக்கு விண்ணப்பமா? அடிமைச் சாசனமா?

சென்ற மாதம் ஒரு வாலிபர் நமது படிப்பகத்துக்கு வந்து ஒரு காகிதத்தை நீட்டி, "ஐயா, இதைக் கொஞ்சம் பார்த்துத் திருத்திக் கொடுக்கவேண்டும்" என்று கேட்டுக்கொண்டார். அவர் கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்து இவ்வாண்டுதான் பட்டம் பெற்றவர். அவர் குடும்பத்தில் பாட்டன், முப்பாட்டன் காலம் தொட்டுப் பட்டம் பெற்றவர் ஒருவரும் கிடையாது. "முதல் பட்டதாரி" என்று சர்க்கார் கொடுத்த சான்றைக் காட்டிச் சம்பளச் சலுகை பெற்றுப் படித்து முடித்தவர். அவர் கொண்டுவந்த காகிதம், கம்பெனி முதலாளிகளுக்குத் தம்மை அறிமுகம் செய்துகொள்ளும் கடிதம்.

எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, மற்றதையெல்லாம் பத்திரிகையிலும் மேடையிலும் பொறுக்கிக் கற்றுக்கொண்ட நம்மிடம் ஒரு பட்டதாரி இங்கிலீஷ் கடிதம் திருத்த வந்தது வேடிக்கைதான். ஆனாலும் வந்தவரைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல், "தம்பி, உங்கள் இங்கிலீஷில் எனக்குப் பாதிதான் விளங்கும். ஒவ்வொரு வாக்கியமாய்ப் படித்துத் தமிழில் அர்த்தம் சொல்லுங்கள். பிறகு பார்ப்போம்" என்றோம். அதில்தான் வினையே வந்தது.

கடிதத்தின் தலைப்பில் ஒரு பிள்ளையார் சுழி. கையால் போட்டதல்ல, கம்ப்யூட்டரில் அச்சடித்தது! அதற்குக் கீழே அவர் பெயர். அதற்கும் கீழே, சவால் நிறைந்த சூழ்நிலையில் புகழ்பெற்ற ஸ்தாபனமொன்றில் சேர்ந்து, தமது திறமைகளை உபயோகித்து, ஸ்தாபனத்தின் வளர்ச்சிக்கும் தமது வளர்ச்சிக்கும் பாடுபடுவதே தமது லட்சியம் என்று ஒரு நீண்ட வாக்கியம். "என்ன சவால் தம்பி?" என்று கேட்டோம். விழித்தார். "எந்தத் திறமை?" என்றோம். மறுபடியும் விழித்தார். கடைசியில், "எல்லோரும் இப்படித்தான் ஐயா எழுதுகிறார்கள். எங்கள் சீனியர் ஒருவர் கொடுத்தது, பெயரை மட்டும் மாற்றினேன்" என்றார். அந்தச் சீனியருக்கு யார் கொடுத்தார்கள் என்று கேட்டால், அவருக்கு முந்தின சீனியராம்!

இதற்குப் பிறகு, தாம் கடும் உழைப்பாளி, பிறரோடு கூடி வேலை செய்பவர், எதையும் சீக்கிரம் கற்றுக்கொள்பவர் என்று மூன்று வரி. பிறகு தகப்பனார் பெயர், மதம், ஜாதி, கல்யாணம் ஆகவில்லை என்ற தகவல், பொழுதுபோக்குப் பாட்டுக் கேட்பது என்ற தகவல். எல்லாவற்றுக்கும் கடைசியில், மேலே கண்டவை யாவும் நானறிந்தவரை உண்மை என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன் என்று கோர்ட்டுக் கூண்டில் ஏறிய சாட்சியைப் போல் ஒரு சத்தியப் பிரமாணம். இவரைப் பொய்யர் என்று யார் குற்றம் சாட்டினார்கள்?

தோழர்களே! இந்தக் கடிதத்துக்கும் புரோகிதர் சொல்லும் மந்திரத்துக்கும் என்ன வித்தியாசம் என்று நாம் கேட்கின்றோம். கல்யாணத்திலும் கருமாதியிலும் புரோகிதர் ஏதோ சொல்லுகிறார். அதன் அர்த்தம் கேட்பவருக்குத் தெரியாது. சொல்லுகின்றவர்களிலும் அநேகருக்குத் தெரியாது. தகப்பன் சொன்னதை மகன் சொல்லுகின்றான், ஒரு எழுத்துத் தப்பினால் தோஷம் என்கின்றான். இங்கேயும் அதே கதைதான். சீனியர் சொன்னதை ஜூனியர் சொல்லுகின்றார், இரண்டு பேருக்கும் அர்த்தம் தெரியாது, வாங்கிப் படிக்கும் அதிகாரியும் அதைப் படிப்பதில்லை. அங்கே சமஸ்கிருதம், இங்கே இங்கிலீஷ், அவ்வளவுதான். இன்டர்வியூவில் "உன்னைப்பற்றிச் சொல்" என்று கேட்டவுடன் ஒப்பிப்பதற்கென்று இதே மந்திரத்தைக் காலேஜிலேயே குழந்தைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பதுபோல் சொல்லிக்கொடுக்கின்றார்களாம். அதற்குத் தனிப் பயிற்சியும், தனிக் கட்டணமும் உண்டாம். தன்னைப்பற்றித் தான் சொல்லுவதற்குக்கூடப் பிறத்தியான் எழுதிக்கொடுத்ததை மனப்பாடம் செய்யவேண்டுமானால், நாலு வருஷம் படித்த படிப்பு அந்த வாலிபருக்கு எதைத்தான் கொடுத்தது?

இங்கிலீஷ் வேண்டாம் என்று சொல்லும் கூட்டத்தார் நாமல்ல. தச்சனுக்கு உளி வேண்டும். அதுபோல் இந்தத் தொழிலுக்கு இங்கிலீஷ் வேண்டும். ஆனால் உளி வைத்திருப்பவனெல்லாம் தச்சன் என்று நினைப்பதும், நுனி நாக்கில் இங்கிலீஷ் பேசுகின்றவனெல்லாம் அறிவாளி என்று நினைப்பதும் ஒரே முட்டாள்தனம்தான். இந்த வாலிபர் எழுதப் பழகியிருக்கும் பைதான் என்னும் கம்ப்யூட்டர் பாஷையில், அந்தப் பாஷை தனக்கென்று ஒதுக்கிவைத்துக்கொண்டுள்ள சொற்கள் மொத்தம் 35தான். அவற்றைக் கொண்டு எதைக் கட்டினான் என்பதைப் பார்க்கவேண்டாமா?

ஆகவே நாம் அதையே கேட்டோம். "லட்சியம் இருக்கட்டும் தம்பி. நீங்கள் இதுவரையில் என்ன செய்திருக்கின்றீர்கள்? ஒரு மனிதனுக்காவது உபயோகப்படும்படி எதையாவது செய்ததுண்டா?"

வெகுநேரம் தயங்கினார். பிறகு, "சொல்லும்படியாக ஒன்றும் இல்லை ஐயா. எங்கள் ஊர்ப் பால் சங்கத்துக்கு ஒரு கணக்கு மட்டும் போட்டுக்கொடுத்தேன்" என்றார். அதைக் கடிதத்தில் ஏன் எழுதவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகின்றோம்: "மாடு, சாணி, பால் என்றெல்லாம் எழுதினால் கம்பெனிக்காரர்கள் சிரிப்பார்கள் ஐயா."

அந்தக் கணக்கு என்னவென்று துருவிக் கேட்டோம். அவர் தாயார் இரண்டு மாடு வைத்துச் சங்கத்துக்குப் பால் ஊற்றுகின்றவர். அந்த ஊரில் 180 பேர் தினம் இரண்டு வேளை ஊற்றுகின்றார்கள். பாலின் அளவையும், அதிலுள்ள கொழுப்புச் சத்தையும் மற்றச் சத்தையும் பார்த்து விலை போடவேண்டும். பத்து நாளைக்கு ஒருமுறை பணம் பட்டுவாடா. சங்கத்துக் காரியதரிசி நோட்டில் கையால் கணக்குப் போடுகையில், ஒவ்வொரு வேளைக்கும் ரூபாய்க்கு மேல் வரும் சில்லறைக் காசைத் தள்ளிவிட்டு முழு ரூபாயாக எழுதுவது வழக்கம். காரியதரிசி திருடரல்ல; அவருக்கு முந்தினவர் அப்படி எழுதினார், அவருக்கும் முந்தினவர் அப்படி எழுதினார், அதனால் இவரும் எழுதினார்.

வாலிபர் இந்த நோட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கணக்கிட்டபோது ஒரு விஷயம் வெளியாயிற்று. தள்ளப்படும் சில்லறை ஒரு வேளைக்குச் சராசரி 50 காசு என்று வைத்துக்கொண்டால், 180 பேருக்கு இரண்டு வேளைக்கு நாள் ஒன்றுக்கு 180 ரூபாய். பத்து நாள் பட்டுவாடாவுக்கு 1,800 ரூபாய். வருஷத்துக்கு 65,700 ரூபாய்! இவ்வளவும் சாணி அள்ளுகின்ற, புல் அறுக்கின்ற பெண்பிள்ளைகளின் காசு. ஒருவரும் திருடாமலே, வழக்கம் என்னும் ஒரே காரணத்தினால், ஊற்றினவர் கைக்கு வராமல் சங்கத்துக் கணக்கிலேயே தங்கிப்போய்க்கொண்டிருந்தது.

இவர் செய்தது என்னவென்றால், கணக்கை ரூபாயில் போடாமல் காசில் போட்டார். ஒவ்வொரு வேளையும் கிட்டத்திலுள்ள முழுக் காசுக்குச் சரிப்படுத்தி, பத்து நாளும் கூட்டி, பட்டுவாடா அன்றுதான் ரூபாயாக்கினார். அதிலும் ஒரு நுட்பம் உண்டாம். கம்ப்யூட்டர் எல்லா எண்ணையும் இரண்டின் அடுக்குகளாலேயே எழுதிவைத்துக்கொள்வது; அதனால் பத்தில் ஒரு பங்கு என்பதை அதனால் சரியாக எழுத முடியாது. மூன்றில் ஒரு பங்கை நாம் தசாம்சத்தில் 0.333 என்று எழுதப் புகுந்தால் முடிவில்லாமல் போகின்றதல்லவா, அதுபோல. ஆதலால் ரூபாயில் 0.10, 0.20 என்று வைத்துக் கூட்டிக்கொண்டே போனால் எங்கேயோ ஒரு துளி பிசகும். காசை முழு எண்ணாக வைத்தால் பிசகாது. இதை அவர் நமக்கு ஒரு பழைய நோட்டீசின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். விளக்குகின்றபோது அந்த வாலிபருக்கு நடுக்கமும் இல்லை, தயக்கமும் இல்லை. சவாலும் லட்சியமும் எங்கே ஓடிப்போயினவென்றே தெரியவில்லை.

இவ்வளவு அருமையான காரியத்தை மறைத்துவிட்டு, பாட்டுக் கேட்பதைக் கடிதத்தில் எழுதவேண்டுமென்று இவருக்குச் சொல்லிக்கொடுத்தது எது? பாடுபடுவது கேவலம், பாடுபடுகின்றவன் கீழ்மகன், உட்கார்ந்து தின்கின்றவனே மேன்மகன் என்று ஆயிரக்கணக்கான வருஷங்களாய் நமக்குள் ஊட்டி வைத்திருக்கின்ற வருணாசிரம விஷமல்லாமல் வேறென்ன? கையில் சாணி ஒட்டியிருந்தால் ஒளித்துக்கொள்ள வேண்டும் என்கின்ற புத்தி பட்டம் வாங்கியும் போகவில்லையென்றால், பட்டத்தின் மேல் பழி சொல்லுவதா, நம் மேலேயே சொல்லிக்கொள்வதா?

தம்மை இன்னார் என்று அறியாத பெரிய மனிதருக்குக் கடிதம் எழுதித் தம்மை அறிமுகம் செய்துகொண்டவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். இங்கிலாந்தில் மைக்கேல் பாரடே என்பவர் ஒரு கொல்லன் மகன். புஸ்தகம் கட்டும் கடையில் வேலை பழகினவர். பள்ளிப் படிப்பு என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. 1812-இல் சர் ஹம்ப்ரி டேவி என்னும் விஞ்ஞானியின் பிரசங்கங்களைப் போய்க் கேட்டு, கேட்டதையெல்லாம் படம் போட்டு எழுதி, தம் தொழிலின்படி தாமே அழகாகக் கட்டி, அந்தப் புஸ்தகத்தையே டேவிக்கு அனுப்பினார். 1813-இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் வேலை கிடைத்தது. இன்று நம் வீட்டில் எரியும் மின்சார விளக்குக்கு வேண்டிய தத்துவத்தைக் கண்டுபிடித்தவர் அவர்தான். அவர் அனுப்பினதில் லட்சியம் இருந்ததா, வேலை இருந்ததா?

இன்னொருவர் நம் சென்னைக்காரர். 1913 ஜனவரி 16-ந் தேதி, சென்னைத் துறைமுகக் கணக்கு ஆபீசில் வருஷத்துக்கு 20 பவுன் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த ஒரு குமாஸ்தா, கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டி என்னும் கணித ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார். காலேஜ் பரீட்சையில் தேறாதவர். அதற்கு முன் வேறு பெரிய ஆசிரியர்களுக்கு எழுதிப் பயன் கிட்டாதவர். தாம் ஒரு குமாஸ்தா என்பதையும், தம் சம்பளம் இவ்வளவுதான் என்பதையும் முதல் வரியிலேயே சொல்லிவிட்டார், ஒளிக்கவில்லை. பிறகு பக்கம் பக்கமாய்த் தாம் கண்ட கணக்குகள். அவர்தான் ராமானுஜன். அவர் பார்ப்பனர்தானே, அவரை ஏன் இங்கே இழுக்கின்றீர் என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். இருக்கட்டுமே! கணக்குச் சரியாயிருந்தால் போட்டவன் யாராயிருந்தால் நமக்கென்ன? தம் கணக்குகளை நாமகிரித் தாயார் கனவில் வந்து சொன்னதாக அவர் நம்பினார் என்பதும் உண்மைதான். ஆனால் ஹார்டிக்கு அவர் அனுப்பினது தாயாரின் சிபார்சையா? கணக்கையே அனுப்பினார். ஹார்டியும் கோத்திரம் கேட்கவில்லை, கணக்கையே பார்த்தார்.

நிற்க. நம் வாலிபரின் பெயர் விஷயத்துக்கு வருவோம். இங்கிலீஷில் அவர் பெயரில் ஒரு "ஏ" எழுத்து அதிகமாயிருந்தது. கேட்டால், எண் ஜோசியர் சொன்னாராம், கூட்டுத்தொகை சரியில்லை, ஒரு எழுத்துச் சேர்த்தால் உத்தியோகம் நிச்சயம் என்று. 2,000 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள், பால் காசில்! பள்ளிச் சான்றில் ஒரு பெயர், பட்டத்தில் அதே பெயர், கடிதத்தில் வேறு பெயர். கம்பெனிகள் ஆளை எடுப்பதற்குமுன் சான்றையும் கடிதத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றன. பெயர் பொருந்தாவிட்டால் நிறுத்தி வைத்து, இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கு அத்தாட்சி கொண்டுவா என்கின்றன. பிறகு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடப் பணங்கட்டி அலையவேண்டும். வேலை கிடைப்பதற்காகச் சேர்த்த எழுத்தே வேலைக்கு எமனாய் நிற்கும். ஜோசியர் அப்போது பணத்தைத் திருப்பிக் கொடுப்பாரா?

கடிதத்தை எப்போது அனுப்பப்போகின்றீர்கள் என்று கேட்டோம். "வெள்ளிக்கிழமை நல்ல நாள் ஐயா. ஆனால் பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம், அது கழித்துத்தான்" என்றார். அவர் விண்ணப்பம் போடும் கம்பெனிக்கு அமெரிக்காவின் கீழ்க்கரையில் தலைமை ஆபீசு. குளிர்காலத்தில் இங்கே காலை பத்தரை என்றால் அங்கே நடுராத்திரி. பஞ்சாங்கத்து ராகு காலமோ சூரியன் உதிப்பது முதல் மறைவது வரையிலுள்ள பகலை எட்டுப் பங்கு போட்டு எடுப்பது. சூரியனே இல்லாத இடத்தில் ராகு எந்தப் பங்கில் உட்கார்ந்திருப்பான்? கம்ப்யூட்டர்களுக்குள் ஓடும் கடிகாரமோ 1970 ஜனவரி 1 முதல் எத்தனை வினாடி ஆயிற்று என்று எண்ணிக்கொண்டே போவது. அதற்கு வெள்ளியும் தெரியாது, செவ்வாயும் தெரியாது. இதை நமக்குச் சொல்லிக்கொடுத்தவரே அந்த வாலிபர்தான்! தெரிந்த அறிவு ஒரு அறையிலும், பயம் வேறொரு அறையிலும் குடியிருக்கின்றன, நடுவில் கதவில்லை.

இவைகளைவிட முக்கியமானதொன்று உண்டு. கம்பெனிகள் நிரப்பச் சொல்லும் பாரத்தில் "கடைசிப் பெயர்" என்று ஒரு கட்டம். அதை நிரப்பாவிட்டால் பாரம் மேலே நகராது. நம் நாட்டிலோ தகப்பனார் பெயரின் முதல் எழுத்தும் தன் பெயரும்தான். இது தானாய் வந்ததல்ல. 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாட்டில், பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஜாதிப் பட்டத்தை வெட்டி எறியவேண்டும் என்று தீர்மானம் செய்து, அங்கேயே பலர் எறிந்தும் விட்டார்கள். அதன் பலனாய்த்தான், மற்ற மாகாணங்களில் பெயரைக் கேட்டவுடனே ஜாதி தெரிந்துவிடுகின்ற காலத்திலும், தமிழ்நாட்டில் பெயரைக் கேட்டு ஜாதியைச் சொல்ல முடியாமல் திண்டாட வேண்டியிருக்கின்றது. நம் பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் காலியாயிருப்பதைப் பார்த்துவிட்டு, அமெரிக்க விசாக்காரர்கள் முதல் பெயர் தெரியாதவர் என்று பொருள்படும் மூன்று எழுத்தைப் போட்டுவிடுவார்கள். ஜாதி தெரியாதவன் என்றால் உலகத்துக்குப் பெயரே தெரியாதவன் போலிருக்கின்றது!

நம் வாலிபருக்கு ஒரு சிநேகிதர் யோசனை சொல்லியிருக்கிறார்: "அந்தக் கட்டத்தில் உன் தாத்தா காலத்து ஜாதிப் பட்டத்தைப் போட்டுவிடு. வடநாட்டு அதிகாரிகள் பார்த்தால் கவுரவமாயிருக்கும்." வாலிபர் அதைச் செய்யலாமா என்று கேட்கவே உண்மையில் நம்மிடம் வந்திருக்கிறார், கடிதம் திருத்துவது ஒரு சாக்கு. அவர் என்ன ஜாதி என்று நாம் கேட்கவில்லை, கடிதத்தில் அந்த வரியைப் படிக்க விடவுமில்லை. "தாத்தா தூக்கி எறிந்த செருப்பைப் பேரன் தலையில் வைத்துக்கொண்டு போகவேண்டாம் தம்பி. தகப்பனார் பெயரைப் போடுங்கள், அல்லது மாடு வைத்துப் படிக்கவைத்த உங்கள் தாயார் பெயரைப் போடுங்கள். எதைப் போட்டாலும் எல்லாக் காகிதத்திலும் அதையே போடுங்கள்" என்றோம். பெயரில் பட்டம் வைத்துக்கொள்ளுவதில் பார்ப்பனர்களை மட்டும் குறை சொல்லிவிட்டு, அல்லாதாரிலுள்ள பட்டதாரிகள் இன்று பட்டத்தைத் தேடி எடுத்து ஒட்டிக்கொள்ளுவதைக் காணும்போது நமக்கு இருக்கின்ற கோபம் இவ்வளவு அவ்வளவு அல்ல.

"தனியார் கம்பெனியில் தகுதியும் திறமையும்தான், ஜாதியாவது மதமாவது" என்று சொல்லும் மேதாவிகளுக்கு ஒரு வார்த்தை. சுகதேவ் தோரட், பால் அட்டெவெல் என்னும் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2007-இல் ஒரு பரீட்சையின் முடிவை வெளியிட்டார்கள். பத்திரிகைகளில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை 66 வாரம் அனுப்பினார்கள். படிப்பும் அனுபவமும் சமம். பெயர் மட்டும் வேறு. மேல் ஜாதி இந்துப் பெயருக்கு அடுத்த கட்டத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் ஒன்று என்றால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. அதே ஆண்டில் சுரிந்தர் ஜோத்கா, காதரீன் நியூமன் என்பவர்கள் டில்லியில் 25 பெரிய கம்பெனி அதிகாரிகளைக் கண்டு பேசி எழுதினார்கள். அந்த அதிகாரிகள் திறமைதான் முக்கியம் என்று சொல்லிக்கொண்டே, வந்தவனுடைய குடும்பப் பின்னணி என்ன, தகப்பன் என்ன வேலை, அண்ணன் தம்பி என்ன படிப்பு என்று விசாரிப்பதை ஒப்புக்கொண்டார்கள். மாடு வைத்திருப்பவள் மகன் இந்தக் கேள்விக்கு என்ன சொல்லுவான்?

நமக்குச் சாதகமானதை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை மறைப்பது பகுத்தறிவாகாது. 2009-இல் வெளியான வேறொரு பரீட்சையில், டில்லிப் பக்கத்தில் 371 வேலைகளுக்கு 3,160 விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தபோது, சாப்ட்வேர் வேலைகளுக்கு அழைப்பு வருவதில் ஜாதிப் பெயரால் வித்தியாசம் தென்படவில்லை. டெலிபோனில் பேசும் கால் சென்டர் வேலைகளில் ஓரளவு தென்பட்டது. இதை நாம் சந்தோஷத்தோடு ஒப்புக்கொள்கின்றோம். கையிலுள்ள வேலையை நேரில் சோதித்துப் பார்க்க முடிகின்ற தொழிலில் பெயரின் ஜம்பம் குறையுமென்றும், பேச்சையும் தோரணையையும் பார்த்து எடுக்கின்ற தொழிலில் அது மிஞ்சுமென்றும் நமக்குத் தோன்றுகின்றது. ஆனால் அழைப்பு வருவது வாசற்படிதான். உள்ளே போய் உட்கார்ந்தபின் குடும்பப் பின்னணி கேட்கின்றார்களே, அதை அந்தக் கணக்கு சொல்லாது.

அதோடு சிபார்சு ஒன்று இருக்கின்றது. கம்பெனியில் வேலை பார்ப்பவர் தமக்குத் தெரிந்த ஆளைக் கொண்டுவந்தால் அவருக்குச் சன்மானம் கொடுக்கும் முறை பல கம்பெனிகளில் உண்டு. இதைத் தப்பென்று அவர்கள் நினைப்பதேயில்லை. உள்ளே இருப்பவருக்குத் தெரிந்தவர் யார்? அவர் தெரு, அவர் உறவு, அவர் காலேஜ். சர்க்கார் உத்தியோகத்திலாவது வகுப்புரிமை என்று ஒன்றைப் போராடி வாங்கினோம். தனியார் கம்பெனிகளில் அதுவும் கிடையாது. தரமணியில் டைடல் பார்க் 2000-இல் திறந்தபிறகு எவ்வளவோ கண்ணாடிக் கட்டடங்கள் வந்துவிட்டன. அவற்றுக்குள் சித்தப்பன் இல்லாத கிராமத்துப் பிள்ளைக்கு இந்த அறிமுகக் கடிதம் ஒன்றுதான் சித்தப்பன்.

மனிதன்தானே பட்சபாதம் செய்கின்றான், மெஷினிடம் விட்டுவிட்டால் நியாயம் கிடைக்காதா என்று சிலர் சொல்லுகின்றார்கள். அமேசான் கம்பெனியில் விண்ணப்பங்களைத் தரம் பிரிக்க ஒரு யந்திரமூளை செய்து பார்த்ததையும், அது பெண்கள் என்ற சொல் வருகின்ற விண்ணப்பங்களைக் கீழே தள்ளினதையும், அந்த முயற்சியைக் கைவிட்டதையும் 2018-இல் ராய்ட்டர்ஸ் செய்தி ஸ்தாபனம் வெளியிட்டது. காரணம் என்ன? பத்து வருஷமாய் வந்த பழைய விண்ணப்பங்களைக் காட்டி அதற்குப் பாடம் நடத்தினார்கள். அவற்றில் பெரும்பாலும் ஆண்கள். முந்தினதைப் பார்த்துப் பிந்தினதைச் செய் என்பதுதானே சாஸ்திரம்? மெஷினும் மனுதர்மம் படித்துவிட்டது.

பெண்கள் விஷயத்தைச் சொல்லும்போது ஒன்று ஞாபகம் வருகின்றது. 1946 பிப்ரவரியில் அமெரிக்காவில் எனியாக் என்னும் பிரமாண்டமான கம்ப்யூட்டரை உலகத்துக்குக் காட்டினார்கள். அன்று எல்லோரும் அதிசயித்த கணக்கை அதில் ஏற்றித் தயார் செய்தவர்கள் பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர் என்னும் இரண்டு பெண்கள். அந்த மெஷினுக்குக் கணக்கு ஏற்றிய ஆறு பெண்களையும் அன்று ஒருவருக்கும் அறிமுகம் செய்துவைக்கவில்லை; கொண்டாட்ட விருந்துக்கும் கூப்பிடவில்லை. இன்று நம் ஊர்ப் பெண் பட்டதாரி போனால், கல்யாணம் எப்போது, புருஷன் விடுவானா, ராத்திரி வேலைக்கு வருவாயா என்று கேட்கின்றார்கள். ஆண்பிள்ளையிடம் பெண்சாதி விடுவாளா என்று கேட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

முதலாளிமார்களுக்கு நாம் சொல்லுவதும் சுருக்கம்தான். பெயரை மறைத்துக் கடிதத்தைப் படியுங்கள். தகப்பன் தொழிலைக் கேட்காதீர்கள். ஒரு சின்ன வேலையைக் கொடுத்துச் செய்யச் சொல்லிப் பாருங்கள். மாடு வாங்கப் போகின்றவன் பாலைக் கறந்து பார்க்கிறானேயொழிய, அதன் பாட்டியின் பெயரை விசாரிப்பதில்லை.

அன்று மாலைக்குள் கடிதத்தைத் திருப்பி எழுதினார். சுழி போயிற்று, சேர்த்த எழுத்துப் போயிற்று, ஜாதியும் மதமும் கல்யாணமும் பாட்டும் சத்தியப் பிரமாணமும் போயின. மிஞ்சினது ஒரு பக்கம்கூட இல்லை. எங்கள் ஊர்ப் பால் சங்கத்தில் 180 பேருக்குக் கணக்கு இப்படி இருந்தது, இப்படி மாற்றினேன், காசை முழு எண்ணாக வைத்ததற்குக் காரணம் இது, முதல் வாரம் ஒரு தப்புச் செய்தேன், காலைப் பாலையும் மாலைப் பாலையும் மாற்றி ஏற்றிவிட்டேன், அதைக் கண்டுபிடித்தவர் என் தாயார், திருத்தினது இப்படி, இன்னும் எனக்குத் தெரியாதவை இவை இவை என்று எழுதியிருந்தார். தப்பையும் எழுதலாமா என்று பயந்தார். அதுதான் முக்கியம், விடாதீர்கள் என்றோம். கடைசிப் பெயர்க் கட்டத்தில் தாயார் பெயர்.

வெள்ளிக்கிழமை காலை 10.45க்கு, சரியான ராகு காலத்தில், நம் படிப்பகத்தில் உட்கார்ந்தே ஐந்து கம்பெனிக்கு அனுப்பினார். பித்தானை அழுத்தும்போது அவர் விரல் கொஞ்சம் நடுங்கினதை மறைக்கவேண்டியதில்லை.

வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். மூன்று கம்பெனியிடமிருந்து பதிலே இல்லை. ஒன்று இடமில்லை என்று எழுதிவிட்டது. ஐந்தாவது கம்பெனியிலிருந்து ஒரு அம்மையார் டெலிபோனில் கூப்பிட்டு, காலைப் பாலும் மாலைப் பாலும் மாறிப்போனதை உங்கள் தாயார் எப்படிக் கண்டுபிடித்தார் என்று முக்கால் மணி நேரம் அதையே கேட்டாராம். அடுத்த புதன்கிழமை நேரில் வரச்சொல்லியிருக்கிறார்கள். அன்று பால் சங்கத்துப் பட்டுவாடா நாள். அவர் சென்னைக்குப் போய்விட்டால் கணக்கை யார் போடுவது என்று காரியதரிசி நம்மிடம் வந்து முறையிட்டுக்கொண்டிருக்கிறார்.